கழுத்தைக் கழற்றினால்தான் பிழைக்கும்

அமெரிக்காவில் ஒரு பேரன், தாத்தாவின் பழைய கிட்டாரைப் பரணிலிருந்து இறக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் 1950களில் செய்த மார்ட்டின் டி-18. முதல் மூன்று ஃபிரெட் வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் விரல் நுனி எரிகிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டரை இருந்தால் சுகம்.

யார் செய்த தப்பு? யாருமே இல்லை. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, ராத்திரி பகலாக. வருடக்கணக்கில் இழுத்ததில் பெட்டி லேசாக உருமாறி, கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது.

பலர் சுலபமான வழிக்குப் போகிறார்கள். பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சேடிலைத் தேய்த்துக் குறைப்பார்கள். அது தீர்ந்ததும் பிரிட்ஜையே சீவுவார்கள். கம்பி அழுந்தும் கோணம் போய்விடும், கூடவே சத்தமும் செத்துவிடும். கழுத்தைக் கழற்றினால் 'ஒரிஜினல்' போய்விடுமே என்று பயந்து, சீவிய மரம் திரும்பி வராது என்பதை மறந்துவிடுகிறார்கள்!

கழுத்து, புறா வால் போல விரிந்த டவ்டெயில் இணைப்பில் மாட்டியிருக்கும். ஒட்டியிருப்பது தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம்மூர் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதே ஜாதி. சூடும் ஈரமும் பட்டால் இளகும்.

முதலில் விரல் பலகையின் நுனியைச் சூடாக்கி, மெல்லிய கத்தியால் மேல்பலகையிலிருந்து பிரிப்பார்கள். பிறகு பதினைந்தாவது ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சின்னத் துளை போட்டு, ஊசி வழியாக நீராவி செலுத்துவார்கள். நிதானம் தவறினால் வார்னிஷ் வெளுக்கும், பலகை பிளக்கும். திடீரென்று 'லொடக்'. கழுத்து கையோடு வந்துவிடும். பேரன் பக்கத்தில் நின்றால் மூச்சே நின்றுவிடும்.

கழுத்தின் அடிக்குதியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீவினாலே அது பின்னால் சாயும். ஃபிரெட்டுகள் மேல் வைத்த நேர்கோல், பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் சரி. தொளதொளவென்று இருக்கும் இணைப்பை மெல்லிய மரச்சீவல் வைத்து இறுக்கி, மறுபடி அதே பசையைப் போடுவார்கள்.

ஏன் எபாக்சி ஊற்றி ஒரேயடியாக ஒட்டிவிடக் கூடாது? இன்னும் சில பத்து வருடங்களில் கழுத்து மறுபடி சாயலாம். எபாக்சி போட்டிருந்தால் நீராவிக்கு லேசில் மசியாது. இழுத்தால் மரம் உடையும். தாத்தா காலத்து ஆசாரி திறக்கிற மாதிரி ஒட்டியதால்தான் இன்று பேரன் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் வாசிக்க முடிகிறது. அவனுடைய பேரனுக்கும் அந்த வசதி வேண்டாமா?