பாட்டன் பிறந்த இடம்

கற்பிட்டிக் கடற்கரையில் அந்திப் பொழுதுகளில் பந்து விளையாடிய நாங்கள் அறுவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். 1991ஆம் ஆண்டுக்கும் 1993ஆம் ஆண்டுக்கும் இடையில், அகதி முகாம்களின் கிடுகுக் கொட்டில்களிலே பிறந்தவர்கள். எங்கள் பெற்றோர் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, வள்ளங்களில் இக்கரைக்கு வந்து இறங்கியவர்கள். வடமாகாணத்திலிருந்து அவ்வாறு துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களின் தொகை 70,000க்கும் மேல். அந்த வரலாற்றை வாசகர் அறிவர். நாங்கள் சொல்ல முற்படுவது அதன் ஓரத்தில் நிகழ்ந்த சிறியதொரு காரியம்: நாங்கள் இனிமேல் பிள்ளைகள் அல்ல என்பதை எங்களுக்கு உணர்த்திய ஒரு மாலைப்பொழுது.

முகாமிலே எவரும் முழுதாக வளர்ந்துவிடுவதில்லை. "ஊருக்குப் போனதும்" என்ற ஒரே வாசகந்தான் எங்கள் இளமையை ஆண்டது. கல்வீடு ஏன் கட்டவில்லை? ஊருக்குப் போனதும் கட்டலாம். முற்றத்தில் ஒரு தென்னம்பிள்ளை ஏன் நடவில்லை? ஊருக்குப் போனதும் நடலாம். வாப்பாமார் மீன்வாடிகளுக்கும் உம்மாமார் வெங்காயத் தோட்டங்களுக்கும் தினக்கூலிக்குப் போய்வந்தனர். அகதிகள் வந்து கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று உள்ளூர்ச் சகோதரர் எங்கள்மேல் கோபங்கொண்டனர். இரு ஏழைகளும் இவ்வாறு முறைத்துக்கொண்டதில் தோட்ட முதலாளிக்கு நட்டம் ஒன்றுமில்லை. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தால் கிடுகு போய்ச் சுவர் வந்தது. 2009இல் போர் முடிந்தது. சிலர் மன்னாருக்கே திரும்பினர். பலர் போய், காடு மண்டிய வளவைப் பார்த்துவிட்டு வந்தனர். எங்களில் இருவர் ஆசிரியரானோம், மற்றவர்களும் தொழில் தேடிக்கொண்டனர், வாக்களித்தோம், மணம் முடித்தோம். எனினும், நியாயம் பேசும் இடத்தில் எங்களுக்குப் பாய் விரிப்பாரில்லை. நாங்கள் "பொடியன்மார்" தாம்.

2017இல் எங்களில் ஒருவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் எங்களுடன் ஒரே வகுப்பில் படித்தவள். கணிதத்தில் எங்கள் அறுவரையும் ஆண்டுதோறும் தோற்கடித்தவள். குழந்தையைப் பார்க்கச் சென்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமேயன்றி, எவனுக்கும் அதனைக் கையில் ஏந்தத் துணிவு வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "பந்து இல்ல, புள்ள. விட்டுறாதீங்க" என்று எங்கள் கைகளில் வைத்தாள்.

அவர்களுடைய முதற் கவலை தண்ணீர். கற்பிட்டிக் குடாநாடு முழுவதும் மணல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டும் உரம் மழையோடும் பாய்ச்சும் நீரோடும் இறங்கி நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும். நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால்மா பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் செல்லாமல் தடுத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருப்பதும் முக்கியமாக இக்குழந்தைகளை எண்ணியே. கொதிக்கவைத்தால் தீராது, நீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. 26 ஆண்டுகளாக நாங்கள் குடித்த கிணறு அது. அதன் நீரைப்பற்றி ஒரு நாளேனும் கேள்வி கேட்டோமில்லை. பள்ளியில் இரசாயனம் கற்பிக்கும் எங்கள் நண்பன் அன்று தலைகுனிந்திருந்தான்.

அடுத்தது பிறப்புப் பதிவு. 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். நாற்பது கழியட்டும் என்று வீட்டார் தள்ளிப்போட, மிஞ்சியது இரண்டு நாள். பேனாவும் படிவமுமாக நாங்கள் முற்றத்தில் அமர்ந்தோம். தந்தை பிறந்த இடம்: கற்பிட்டி. அப்பால் ஒரு நிரல், பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்டது. இது சாதாரணக் கேள்வியன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்டுத்தான் மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. நண்பனின் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எருக்கலம்பிட்டி" என்றார். அத்துடன் நில்லாமல் பள்ளிவாசல், பனந்தோப்பு, தமது வீட்டுக் கிணற்றின் ருசி என்று சொல்லிக்கொண்டே போனார். படிவத்தில் இருந்ததோ ஒரு சிறு கோடு.

பிணக்கு முகவரியில் எழுந்தது.

"மன்னார் விலாசத்தையே போடுங்க" என்றார் பெரியவர். "வாக்காளர் இடாப்பில பேர் அங்கதான் இருக்கு. இங்க எண்டு எழுதினா, நாளைக்கு காணி ஏன் எண்டு கேப்பான்."

நண்பனுக்கோ வேறு அச்சம். முதலாம் வகுப்பு அனுமதிக்கு இடாப்பில் பதிந்த வதிவிடத்தையே பார்ப்பார்கள். பெயர் மன்னாரில்; பிள்ளை படிக்க வேண்டியது கற்பிட்டியில். எங்கள் மக்கள் அனைவரையும் இரண்டாக அரிந்துகொண்டிருந்த வாள் அது. வாக்கைப் பெயர்த்தால் காணிக்கு ஆபத்து; பெயர்க்காவிட்டால், வாழும் ஊரில் பள்ளிக்கூடமும் குடிநீரும் கேட்க ஆளில்லை. 27 ஆண்டுகளாக அரசியல்வாதிகள் இரு கரையிலும் நின்று இந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தார்கள்.

குரல் உயர்ந்தது. அப்போது பெரியவர் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களெல்லாம் படிச்ச ஆக்கள். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அவர் எங்களிடம் கருத்துக் கேட்டது அதுவே முதல் முறை. சிறுவயதில், பெரியவர்களிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறதென்று நம்பி அவர்கள்மேல் எரிச்சற்பட்டிருக்கிறோம். அந்தக் கணத்தில் தெரிந்தது: 1990இல் வள்ளத்தில் ஏறியபோது இந்த மனிதருக்கு எங்கள் வயதுதான்; அவரிடமும் விடை இருக்கவில்லை. நாங்கள் ஐவரும் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவளை அதுவரை எவரும் கேட்கவில்லை என்பதை, நாங்கள் உட்பட, வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"விலாசத்த இங்க போடுங்க மாமா. தண்ணிக்கு நடக்கிறதும், இவள பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போறதும் நான்தானே. மாமா பொறந்த இடம் மேல எழுதியிருக்கு; அத யாரும் அழிக்கேலாது."

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் படிவத்தை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, தம் ஊரின் பெயரைத் தேடிப் படித்தார். "'ல'கரம் தெளிவா இல்ல" என்று திருப்பித் தந்தார். அழித்துத் திருத்தினால் பதிவாளர் ஏற்கமாட்டாரென்று புதிய படிவமொன்றில் முழுவதையும் மறுபடி எழுதினோம். 41ஆம் நாள் பதிவாயிற்று.

இடாப்பு விவகாரம் அதன்பின் தந்த அலைச்சல் தனிக்கதை. பந்து விளையாட்டும் அத்தோடு மெலிந்தது. அந்தியில் இருவரோ மூவரோ வருவோம். மற்றவர்கள் குழாய்த் தண்ணீருக்குக் கலனோடு வரிசையில் நிற்பார்கள். மறு ஆண்டு எங்களில் இன்னொருவன் வீட்டிலிருந்து ஆள் வந்தது: ஆண் குழந்தையாம், வரும்போது பேனாவும், இரண்டு படிவங்களும் கொண்டுவரச் சொன்னானாம்.