வியூ சோர்ஸ் இரவுகள்

திங்கள், இரவு

இன்றும் நியோசிட்டீஸில்தான் பொழுது போனது. யாரும் சொந்தமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள கைல் டிரேக் 2013-இல் தொடங்கிய தளம். காசு கட்டாதவருக்கும் 1 ஜிபி இடம் தருகிறார்கள், விளம்பரம் ஒட்டுவதில்லை. எழுத்தும் நாலைந்து படமும் வைத்திருப்பவருக்கு ஆயுசுக்கும் காணும். பெயரிலேயே ஜியோசிட்டீஸின் நினைவு இருக்கிறது. இதே வேலையைச் செய்ய 1994-இல் பிறந்த அதை 1999-இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. மூடுவதற்குள் ஜேசன் ஸ்காட்டும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் விழுந்து விழுந்து நகலெடுத்ததால்தான் ஒரு பெரும்பகுதி பிழைத்தது. அந்தப் பக்கங்களில் ஆடிய கிஃப் படங்களைத் தேடிப் பார்க்க 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் கிஃப்சிட்டீஸ் என்ற தேடுபொறியைத் திறந்தது. ‘வேலை நடக்கிறது’ என்று மண்வெட்டியோடு நிற்கும் ஆள் அங்கே எத்தனை விதம்! ஒவ்வொருவருக்குப் பின்னாலும், பக்கத்தை நாளைக்கு முடித்துவிடலாம் என்று நினைத்த யாரோ ஒருவர் இருந்திருக்கிறார்.

புதன்

என் பக்கத்தை எழுதும்போது சந்தேகம் வந்தால் மொசில்லாவின் எம்டிஎன் கையேடுதான். ஒரு எச்டிஎம்எல் டேக் என்ன செய்யும் என்பதோடு, எந்த பிரவுசரில் ஓடும் என்ற அட்டவணையும் கடைசியில் இருக்கும். நான் முதலில் போவது அங்கேதான்.

தமிழ்ப் பக்கத்துக்கு வேறு சில கவனமும் வேண்டும். மேலே எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவித்தாக வேண்டும். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். நம் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் சமன் செய்தால் போன் திரையில் வரிக்கு வரி ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்.

‘தமிழ்’ என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. கோப்புக்குள் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆனாலும் கவலை இல்லை. 512 கேபி கிளப் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்த எடை 512 கிலோபைட்டைத் தாண்டாத தளங்களுக்குத்தான் அதில் இடம். அந்த அளவுக்குள் ஒன்றே முக்கால் லட்சம் தமிழ்க் குறியீடுகள் அடங்கும். ஒரு குறுநாவலையே வைத்துவிடலாம். இன்று பல செய்தித் தளங்களின் முகப்பு ஒன்றே இதைப்போலப் பல மடங்கு கனக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சிக்னல் மெலிந்த ஊரில் அவற்றைத் திறக்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

வெள்ளி

உலகின் முதல் வலைப்பக்கத்தைத் திறந்தேன். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதியது. 2013-இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றிவைத்தது. பக்கத்தின் மூல நிரலைக் காட்டும் வியூ சோர்ஸைப் போட்டால் ‘நெக்ஸ்ட்ஐடி 55’ என்று ஒரு டேக். அடுத்து சேர்க்கும் இணைப்புக்கு என்ன எண் என்று எடிட்டர் தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பு அது. இன்று எந்த பிரவுசரும் அதைச் சட்டை செய்வதில்லை, ஆனாலும் பக்கம் பிசகாமல் திறக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் திறக்கிற கோப்பு வடிவம் என் கம்ப்யூட்டரில் வேறு எத்தனை இருக்கும்?

எனக்கு வலைப்பக்கம் எழுதச் சொல்லித்தந்ததே வியூ சோர்ஸ்தான். பிடித்த பக்கம் எப்படி நிற்கிறது என்று எட்டிப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கையால் எழுதிய சிறு தளங்களில் மட்டும்தான் இன்று அப்படி எட்டிப் பார்த்தால் ஏதாவது புரிகிறது. பெரிய தளங்களில் எந்திரம் சுருக்கித் தள்ளிய குவியல்தான் கிடைக்கும்.

ஞாயிறு

மார்ஜினாலியா தேடுபொறியில் ‘ஹார்மோனியம்’ என்று தட்டினேன். ஸ்வீடனில் ஒருவர் கட்டியது. எழுத்து மிகுந்த, எளிய பக்கங்களையே முன்னால் நிறுத்தும். கடைக்காரர்களின் இரைச்சல் குறைவு, தேடாததும் கிடைக்கிறது. விபி தேடுபொறிக்கும் இதே குணம்தான்.

தமிழில் இந்த எளிமைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த இலக்கியங்கள், அலங்காரம் ஏதுமில்லாமல், பழைய போனிலும் திறக்கின்றன.

சாயங்காலம் என் தளத்துக்கு ஆர்எஸ்எஸ் கோப்பு எழுதினேன். புதிதாக எதையாவது போட்டால், படிக்க விரும்புகிறவருக்கு நேராகப் போய்ச்சேரும். எதைக் காட்டுவது என்று நடுவில் யாரும் தீர்மானிக்க மாட்டார்கள். அடுத்து, எனக்குப் பிடித்த தளங்களுக்கென்று ஒரு இணைப்புப் பக்கம் போட வேண்டும். ஒவ்வொன்றையும் ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரியாவது எழுதாமல் சேர்ப்பதில்லை என்றிருக்கிறேன்.