அம்மாவின் பையில் 4 கிலோ... மலைக்குப் போகும் முன் படித்த 5 புத்தகங்கள்!

'லைட்வெயிட் பேக்பேக்கிங்' என்று தேடினால், முதலில் வந்து விழுவது விலைப்பட்டியல்தான். எடை குறைய குறைய விலை ஏறுகிறது. ஒரு பையின் விலையே என் அரை மாதச் சம்பளம்!

அதனால் கடைக்குப் போகாமல் புத்தகங்களைத் தேடினேன். காரணம், அம்மா. என் தோழியின் ஊர், கொல்லிமலையில் இருக்கும் குண்டனி நாடு. அவள் வீட்டில் தங்கி, இரண்டு நாள் ஊர் ஊராக நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. 54 வயது, முட்டிவலி வேறு. அந்த முதுகில் எவ்வளவு ஏற்றலாம்?

முதலில் படித்தது டான் லாடிஜின் எழுதிய 'லைட்டன் அப்'. 2005-ல் வந்த சின்னப் புத்தகம். எளிய ஆங்கிலம், சிரிக்க வைக்கும் படங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே போதும். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் தவிர்த்து, பையோடு சேர்த்து வரும் எடையை 'பேஸ் வெயிட்' என்கிறார்கள். அது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் 'அல்ட்ராலைட்'.

அந்தப் படங்களை வரைந்த மைக் க்ளெலண்ட், 2011-ல் 153 டிப்ஸ்களோடு தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அவருக்குப் பிடித்த கருவி தராசு. எங்கள் வீட்டு சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். அம்மா எடுத்து வைத்திருந்தவை மொத்தம் 7 கிலோ. மூன்று புடவை, எவர்சில்வர் தூக்கு, தைல பாட்டில், தடிமனான போர்வை... "இதெல்லாம் இல்லாம எப்படிடி போறது?" என்றார்.

அதற்கு பதில் ஆண்ட்ரூ ஸ்கர்காவின் கையேட்டில் இருந்தது. நேஷனல் ஜியாகிரபிக் 2012-ல் வெளியிட்டது. 'எதை எடுப்பது' என்பதற்கு முன்பு, 'போகிற இடம் எப்படி' என்று கேட்கச் சொல்கிறார். குளிர், மழை, தண்ணீர், பூச்சி, பாதை எல்லாவற்றையும் தோழியிடம் போனில் கேட்டோம். "கம்பளி இங்க இருக்கு, நீங்க வாங்கம்மா" என்றாள். போர்வை வெளியே போனது. ரெயின்கோட், டார்ச், பிரஷர் மாத்திரை மூன்றும் உள்ளேயே இருந்தன. எடைக்காக இவற்றைக் குறைக்கக் கூடாது.

அம்மாவுக்குத் தைரியம் கொடுத்தது, பென் மான்ட்கோமரி 2014-ல் எழுதிய 'கிராண்ட்மா கேட்வுட்ஸ் வாக்'. அமெரிக்காவின் எம்மா கேட்வுட், 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல் தன் 67 வயதில் அப்பலாச்சியன் மலைப்பாதையில் சுமார் 3,300 கி.மீ. தனியாக நடந்து முடித்தார். சாதாரண கேன்வாஸ் ஷூ, தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை... அவ்வளவுதான்! கதையைச் சொன்னதும், அம்மா தன் பழைய துணிப்பைக்குத் தோள்பட்டை வைத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாவது, நம்முடையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். நன்னனைக் காணப்போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் பாட்டு. பலாக்காய்க் கொத்துகள் போல, வாத்தியப் பைகளைக் காவடியின் இரு பக்கமும் சமமாகக் கட்டியிருக்கிறார்கள். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்களுக்காகப் புல்லை முடிந்துவைக்கச் சொல்கிறது பாட்டு. வழியில் உள்ள ஊர்க்காரர்கள் சோறு போடுவார்கள் என்றும் சொல்கிறது. இது உரையோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆங்கிலப் புத்தகங்களில் கூடாரம், படுக்கை, பை மூன்றும்தான் பெரிய எடை. குண்டனி நாட்டில் முதல் இரண்டும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பை லேசாக இருந்ததற்குத் தராசு மட்டும் காரணமில்லை. கதவைத் திறந்துவைத்த ஒரு வீடும் காரணம். அதனால்தான் கடைசி நேரத்தில் 600 கிராம் அதிரசத்தை அம்மா உள்ளே வைத்தபோது நான் தடுக்கவில்லை. அதையும் சேர்த்து 4 கிலோ.

இரண்டு நாளும் அம்மா நடந்தார். இறக்கங்களில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால், முதலில் வீட்டிலிருக்கும் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் தராசில் வையுங்கள். தங்கப்போகும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, அங்கே என்ன இருக்கிறது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். புதுப் பை வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்!