தரை என்னும் சொல்

மின்சுற்று வரைபடங்களில் மேலிருந்து கீழாகக் குறுகிச் செல்லும் மூன்று கிடைக்கோடுகளாலான குறி ஒன்று உண்டு. பாடநூல்கள் அதைப் புவித்தொடுப்பு என்கின்றன. ஆய்வகத்தில் அது வெறும் ‘கிரவுண்டு’. பெயர் எதுவாயினும் மாணவர் மனத்தில் அது பதிக்கும் படிமம் ஒன்றே: மழைநீரை மண் உறிஞ்சிக்கொள்வதுபோல, மின்னோட்டமும் அங்கே போய் மறைந்துவிடுகிறது.

மறைவதில்லை. மூலத்திலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் மூலத்துக்கே திரும்பியாக வேண்டும். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கு மண்ணோடு என்ன தொடர்பு? ஆயினும் அதன் பலகையிலும் ‘தரை’ இருக்கிறது. அங்கே அச்சொல்லுக்குத் திரும்பும் வழி என்பதே பொருள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தாழ்ந்த அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம் செப்புத் தளமெங்கும் பரவி, மின்தடை குறைந்த வழியை நாடுகிறது. அதிர்வெண் உயர உயர அதன் போக்கு மாறுகிறது. தூண்டம் மிகக் குறைந்த வழி எதுவோ, அதாவது சென்ற தடத்தின் நேர்க்கீழே, நிழல்போல ஒட்டித் திரும்புகிறது. வரைபடத்தில் இந்த நிழல் தெரிவதில்லை. எனவே தளத்தில் ஒரு பிளவை விட்டு, அதன் குறுக்கே வேகமான குறிகைத் தடத்தைக் கொண்டுசெல்வது யாருக்கும் பிழையாகத் தோன்றாது. பிளவைச் சுற்றிக்கொண்டு திரும்பும் மின்னோட்டம் ஒரு பெரிய வளையத்தை உருவாக்குகிறது. அந்த வளையம் ஓர் ஆன்டெனா. அது உமிழும் புலம் வளையத்தின் பரப்புக்கு நேர்விகிதத்திலும், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. மின்னோட்டம் மாறாதிருக்க அதிர்வெண் 10 மடங்கானால் புலம் 100 மடங்கு. புற இரைச்சலை உள்வாங்குவதும் இதே வளையந்தான். ஃபெரைட் மணியும் உலோகக் கூடும் தேடி அலைவதெல்லாம் பெரும்பாலும் இதற்குப் பின்னரே.

கடிகாரத் துடிப்பு 10 மெகாஹெர்ட்ஸ்தானே என்ற ஆறுதலும் பொய். துடிப்பு எழ எடுக்கும் நேரமே கணக்கு. அது 1 நானோநொடி எனில், ஆற்றல் ஏறத்தாழ 350 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும்.

அந்த எண்ணைப் புனேக்கு வடக்கே, கோடாட் கிராமத்தருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியோடு சேர்த்துப் பார்க்கலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான அதில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் உள்ளன. அதன் அலைவரிசைப் பட்டைகளுள் ஒன்று 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ இரைச்சல் குறைந்த இடமென்பது அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். வான்பொருள்களிலிருந்து வரும் அலைகளை அளக்க அங்கே பயன்படும் அலகு ஜான்ஸ்கி: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு, 10-இன் அடுக்கு -26 வாட். அத்தகைய செவிக்கு அருகே, கவனமின்றி வரைந்த ஒரு சிறு பலகை பேரிரைச்சல். தன் கருவிகளின் மின்னணுவியலிடமிருந்தே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை வானியலுக்கு.

கலைச்சொல் ஆக்குவோர் இதற்கு ‘மீள்தளம்’ என்றொரு சொல்லைப் பரிசீலிக்கலாம். சற்றுக் கரடுமுரடான சொல்தான். ஆனால் மீள்தளத்தில் பிளவு விடுமுன், எது எவ்வழியே மீள்கிறது என்று மாணவர் ஒருவர் கேட்டுவிடக்கூடும். ‘தரை’ அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை.