காதும் பற்றரியும்

செவிப்புலன் கருவியைப் பற்றி நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு. மாட்டியதும் பழைய காது திரும்பிவிடும் என்பது ஒன்று. அதை அணிந்தால் கிழடு என்று ஊர் சொல்லும் என்பது மற்றையது. இரண்டாலும் கெடுபவர் பலர்.

உட்காதில், நத்தையோடு போன்ற சுருளினுள், ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுபவை அவையே. முதுமையாலோ பேரோசையாலோ அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளே முதலில் பறிபோகின்றன. அதனாற்றான் 'பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை' என்கிறார்கள். கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒன்றாகிவிடும்.

கருவியின் ஒலிவாங்கி ஓசையை மின்சைகையாக்குகிறது. உள்ளேயுள்ள சில்லு, எந்தச் சுருதியில் எவ்வளவு இழப்போ அதற்கேற்பப் பெருக்குகிறது. மெல்லிய ஒலியைக் கூடுதலாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும். சிறு ஒலிபெருக்கி அதைக் காதினுள் விடுகிறது.

இத்தனைக்கும் உயிர் கொடுப்பது பற்றரி. அதன் அருமையை யாழ்ப்பாணத்தவர் அறிவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். என் பெரியப்பாவின் காதுக்கு அந்த உபாயம் உதவவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சட்டைப்பையில் பெட்டியும் காதுக்கு வயருமாக அக்காலக் கருவியை அணிந்தவர். பற்றரி தீர்ந்தபின், திண்ணையில் அரசியல் பேச்சுத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவார். விமானம் இரைந்து வர நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடுகையில், அவர் முற்றத்தில் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். யாராவது திரும்பி ஓடித் தோளைத் தொடவேண்டும். நாளடைவில் வீட்டாரும் பேச்சைச் சுருக்கிக்கொண்டனர். 'சாப்பிட வாங்கோ' என்பதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

இன்று தடையில்லை. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய கருவிகள் பல அலுமாரிக்குள் உறங்குகின்றன. மூன்று வருடங்களாக நானும் அணிகிறேன். முதல் வாரம் மின்விசிறியும் கோப்பைகளும் காகங்களும் என்னை வாட்டின. நெடுங்காலம் கேளாத ஒலிகளைத் தரம்பிரிக்க மூளை மீண்டும் பழகவேண்டும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். அமைதியான அறையில் தொடங்கி, நாள்தோறும் அணியும் நேரத்தைக் கூட்டுவது நன்று. சனக்கூட்டத்தில் இப்போதும் தடுமாறுகிறேன். செய்தியாளர் மாநாடுகளில் முன்வரிசையில் அமர்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் 'என்ன?' என்று மறுபடி மறுபடி கேட்டால் கத்தாதீர்கள். எதிரே வந்து, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு செவிப்புலன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.