ஒதுக்கப்பட்ட விலாசம்

ஒருவருக்கென்று எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான். ஒருவரைத் தள்ளி வைப்பதும் ஒதுக்குவதுதான். ஒரே சொல் இந்த இரண்டு காரியத்தையும் செய்வது தற்செயல் அல்ல என்று ஒரு பிரிண்டர் கோளாறைப் பார்க்கப் போன இடத்தில் எனக்குத் தோன்றியது.

சோழவந்தானில் ஒரு அலுவலகம். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எல்லாவற்றையும் கோர்க்கும் ஒரு ரௌட்டர். வாரத்தில் இரண்டு நாள் பிரிண்டர் ஊமையாகிவிடும். அந்த இரண்டு நாளும் மேற்பார்வையாளர் வரும் நாட்கள். கொடிக்கால்காரர்கள் ரசீதுக்காக வெளியே காத்து நிற்பார்கள். ஆறு வருஷமாகத் தினக்கூலியில் இருக்கும் ஆபரேட்டர் வேண்டுமென்றே எதையோ செய்கிறார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நிறுத்திவிடுவதாகப் பேச்சு. "ஐயா வர்ற அன்னிக்கு மட்டும் மக்கர் பண்ணுது சார், நான் என்ன செய்ய?" என்றார் அந்தப் பெண்.

வலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் விலாசம் வேண்டும். 1985இல் வந்த பூட்பி முறையில் எந்தக் கருவிக்கு எந்த விலாசம் என்று ஒரு மனிதர் பட்டியல் எழுதி வைக்க வேண்டியிருந்தது. 1993இல் ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய டிஹெச்சிபி விதிமுறை விலாசத்தைக் குத்தகைக்கு விட்டது. கருவி கூவிக் கேட்கிறது, சர்வர் ஒரு விலாசத்தைக் காட்டுகிறது, கருவி அதை வேண்டுகிறது, சர்வர் சம்மதிக்கிறது. காலம் பாதி கழிந்ததும் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். பலரும் தேடி வரும் பிரிண்டருக்கு விலாசம் மாறக் கூடாது என்பதால் அதற்கென்று ஒன்றை ஒதுக்குகிறார்கள். ஆனால் ஒதுக்கீடு உண்மையில் பிரிண்டருக்கு இல்லை. அதனுள் இருக்கும் 48 பிட் மேக் எண்ணுக்குத்தான்.

இந்த பிரிண்டரின் போர்டை ஒரு மெக்கானிக் மாற்றியிருந்தார். அதே பிரிண்டர், அதே மேஜை. எண் மட்டும் வேறு. பதிவேட்டுக்கு அது அந்நியமாகிவிட்டது. பிறகு யாரோ பழைய ஒதுக்கீட்டை அழித்து, பழைய விலாசத்தை பிரிண்டரிலேயே கையால் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை நடந்தது. ரௌட்டருக்கு மட்டும் விஷயம் தெரியாது. அதன் கணக்கில் அந்த விலாசம் காலி.

மேற்பார்வையாளர் வந்த ஒரு நாளில் பிரிண்டரை அணைத்துவிட்டு அதன் விலாசத்துக்கு பிங் அனுப்பினேன். அணைந்து கிடந்த பிரிண்டரின் இடத்திலிருந்து பதில் வந்தது. பதில் தந்த மேக் எண் எந்தக் கம்பெனியுடையதும் அல்ல, கைபேசி தானாகப் புனைந்துகொண்டது. 2019இன் ஆண்ட்ராய்ட் 10, 2020இன் ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் தம் எண்ணை மறைத்துக்கொள்கின்றன. ரௌட்டரின் குத்தகைப் பட்டியலைப் பார்த்ததில் அது மேற்பார்வையாளரின் கைபேசி என்று தெரிந்தது. அவர் 9 மணிக்கே வந்துவிடுவார். பிரிண்டரைப் போடுவது 10 மணிக்கு. இடையில் காலியாகத் தெரிந்த விலாசத்தை ரௌட்டர் ஒவ்வொரு முறையும் அவருக்கே தந்துகொண்டிருந்தது. 10 மணிக்கு ஒரே விலாசத்தில் இருவர். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கோளாறின் சங்கடம்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஒதுக்கீடுதான். ஆனால் அந்தப் பெயர் மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கொடியைப் பிடுங்கி அதே மண்ணில் புதிதாக நட்டாலும் பெயர் போகாது. பதிவேட்டையே பற்றி நிற்கும் இருப்பு அப்படி இல்லை. எத்தனை நாள் உழைத்தாலும், எத்தனை பேர் தேடி வந்தாலும், பதிவேடு அறியாத இடத்தில் இருப்பவர் இல்லாதவரே. அங்கே இன்னொருவர் வந்து உட்காரும்போது குற்றம் முன்பே இருந்தவர் மேல் விழுகிறது.

பிரிண்டரில் கையால் பதித்த விலாசத்தை நீக்கித் தானியங்கி முறைக்கு மாற்றினேன். அதன் விவரத் தாளை அச்சிட்டுப் புதிய மேக் எண்ணை எடுத்து, ரௌட்டரில் ஒதுக்கீடு எழுதினேன். ஐந்து நிமிஷ வேலை. கைபேசியை ஒருமுறை வலையிலிருந்து விலக்கிச் சேர்த்ததும் அதற்கு வேறு விலாசம் கிடைத்தது. மேற்பார்வையாளரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார், தன் கைபேசிக்கு ஏதும் ஆகாதே என்று விசாரித்தார். அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பெயர் அந்த மாதமும் கூலிப் பட்டியலின் கடைசியில் பென்சிலால்தான் எழுதப்பட்டது.