நின்றதும் முடிந்ததும்

நின்றுவிட்ட ஒன்றும் முடிந்துவிட்ட ஒன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் அமைதியே தெரியும். அவற்றைப் பிரித்தறியாமையால் யாம் அடைந்த நாணத்தை இங்கு எழுதுகிறோம்.

பெரார்கஞ்சில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை மலருக்காகத் தொகுக்கும் பணி எம்மிடம் தரப்பட்டது. பலர் எழுதித் தந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் சிறு நிரலொன்றை ஈமேக்ஸிலிருந்து இயக்கினோம். ஈமேக்ஸ், 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோர் உருவாக்கிய உரைத்தொகுப்பி. நிரல் எழுதி அதனை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம். அது பிற நிரல்களைத் தன் பிள்ளைகளாக இயக்கி, அவை தருவனவற்றைத் தன் ஏட்டில் வாங்கிக்கொள்ளும்.

இடையில் வேறு பணி வரவே, நிரலை நிறுத்திவைத்தோம். அதன் பின்னரும் சில வரிகள் வந்தன, பிறகு ஓய்ந்தன. நிறுத்தும் ஆணையை ஏற்காமல் வேலையை முடித்தே அது ஓய்ந்தது என எண்ணிவிட்டோம். இறுதி வரியில் ஒரு பெயர் பாதியில் நின்றிருந்ததையும் எழுத்துப்பிழை என்றே கொண்டோம்.

மறுநாள் படியைப் பார்த்த முதியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எங்க வீட்டுப் பேரு இதுல இல்லையே. நாங்க இந்த ஊர்க்காரங்க இல்லையா?"

எம்மிடம் விடையில்லை.

பிழை யாதெனில், நிரலுக்கும் உரைத்தொகுப்பிக்கும் இடையே ஒரு குழாய் உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட்டுகள் கொள்ளும். நிறுத்தும் ஆணை நிரலை மட்டுமே நிறுத்தும். குழாயில் முன்னரே இட்டவை அழியா. ஈமேக்ஸ் காத்திருக்கும் வேளையில் அவற்றை எடுத்துத் தரும். சென்னையிலிருந்து கப்பலில் கடிதம் வந்த காலத்தை நம் பெரியோர் அறிவர். எழுதியவர் நோயில் படுத்திருப்பார். முன்பே அஞ்சலில் இட்ட கடிதம் இங்கு வந்து சேரும். கடிதம் வந்ததால் அவர் நலமென்பதும் தவறு. கடிதம் நின்றதால் அவர் மறந்தாரென்பதும் தவறு.

ஆகவே அமைதியைக் கண்டு முடிவு செய்தலாகாது. நிரலின் நிலையையே கேட்டறிதல் வேண்டும். 'ரன்' எனில் ஓடுகிறது. 'ஸ்டாப்' எனில் நின்றிருக்கிறது. 'எக்ஸிட்' எனில் முடிந்தது. வருபவை வரிவரியாக வருமென்ற உறுதியும் இல்லை. அரைவரி வந்தால் அதனைச் சேமித்து, மீதி வந்தபின் இணைத்தல் வேண்டும்.

நல்வேளையாக ஈமேக்ஸை மூடியிருக்கவில்லை. நிலையைக் கேட்டோம், 'ஸ்டாப்' என்றது. தொடருமாறு ஆணையிட்டோம். பாதிப்பெயர் முழுமை பெற்றது; எஞ்சிய பெயர்களும் வந்தன. அவற்றுள் முதியவரின் குடும்பமும் இருந்தது.

திருத்திய படியை அவர் இல்லத்திற்கே கொண்டு சென்றோம். தம் பெயரின்மீது விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "உக்காருங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.